நானூத்திப் பதினேழாம் நம்பர் பெட்டி

...இல்ல சார், குறை சொல்லணும்னு சொல்லல. ஆனா இந்தச் சாப்பாட்டுப் பெட்டியை நீங்க மறுபடியும் தூக்கிட்டு வந்து மேஜை மேல வச்சீங்க பாருங்க, எனக்கே வெக்கமாப் போச்சு. இதையா உங்களுக்கு வித்தேன்? இதையா? கொடுங்க இப்படி. ம்ம்... பாத்தீங்களா, மூடி ஒரு பக்கம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. கொக்கி விழப்போற பல்லு மாதிரி ஆடுது. கீல் ஊசி கழண்டு எங்கேயோ விழுந்துடுச்சுங்கிறீங்க. விழாம என்ன பண்ணும்? பித்தளையா சார் இது? பித்தளைன்னு சொல்லிக்குது, அவ்வளவுதான். அடியைத் திருப்பிப் பாருங்க. பச்சை புடிச்சு, குழி குழியா... அம்மை போட்ட மூஞ்சி மாதிரி! மூணு வாரம் முன்னாடி இதை உங்க தலையில கட்டினதுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கணும்.

ஊசி மாத்தலாம், மாத்தலாம். முடியாதுன்னு யாரு சொன்னா? உக்காருங்க. ஐயோ, அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் குட்டை. இதுல உக்காருங்க. தலையைப் பாத்து! மாடிப்படிக்கு அடியில கடை வச்சா இப்படித்தான் சார், நிமிந்தா மண்டை இடிக்கும், குனிஞ்சா இடுப்பு போயிடும். இருபது வருஷமா நான் நேரா நின்னதே கிடையாது. அது என் சம்சாரமும் சொல்லுவா. அவ வேற அர்த்தத்துல சொல்லுவா, அதை விடுங்க.

நான் ஒரு யோசனை சொல்றேன். இதுக்கு ஊசி, ஈயம், அது இதுன்னு செலவு பண்ணாதீங்க. இதை இங்கேயே விட்டுட்டுப் போயிடுங்க. அதோ, ரெண்டாவது தட்டுல பாருங்க, எனாமல் கேரியர், மூணு அடுக்கு, நீலப் பூப் போட்டது. ஒரு கீறல் கிடையாது. அதை எடுத்துக்குங்க. மேல ஒரு பைசா வேண்டாம். எனக்கு நஷ்டம்தான், பரவாயில்ல, நம்ம கடையில வாங்கின மனுஷன் மனசு நோகக் கூடாது பாருங்க.

...வேண்டாமா? சரி, யோசிங்க. அவசரம் இல்ல. எனக்கா? எனக்கு என்ன அவசரம்? வீட்டுல யாரு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா? பதினோரு நாளாச்சு சார், அவ கிளம்பிப் போயி. தங்கச்சி வீட்டுக்கு. எதுக்குங்கிறீங்க? ஒரு டப்பாவுக்கு. முப்பது வருஷம் கூட இருந்த புருஷன் ஒரு பக்கம், சாப்பாட்டு டப்பா ஒரு பக்கம், தராசுல வச்சுப் பாத்தா டப்பாப் பக்கம் சாயுது! "டப்பாவோட வந்தா உள்ள வாங்க, வெறுங்கையோட வந்தா வாசல்லயே நின்னு பேசிட்டுப் போங்க"ங்கிறா. வாசல்ல என் சகலை நிக்கறான் சார், கையைக் கட்டிக்கிட்டு. "வாங்க அண்ணே, உள்ள வாங்க"ன்னு வாய் சொல்லுது, கதவை விட்டு நகர மாட்டேங்கிறான். அவனுக்கு இப்பத்தான் வாழ்க்கையில ஒரு சந்தோஷம் கிடைச்சிருக்கு. நான் எதுக்குக் கெடுக்கணும்?

எங்க விட்டேன்... ஊசி. ஊசி தேடணும். பழைய பெட்டிக்குப் பழைய ஊசிதான் போடணும், புதுசு போட்டா பெட்டி செத்துடும். செத்துடும்னா, விலை செத்துடும். இந்தத் தொழில்ல எல்லாமே தலைகீழ் சார். ஊர்ல எல்லாரும் பழசைக் குடுத்துப் புதுசு வாங்குவான், இங்க வர்றவன் அடிபட்டதா, நசுங்கினதாப் பாத்துத் தேடுவான். ஆரம்பத்துல எனக்கு இது தெரியல. பழைய சாமான் கடையில மூட்டையா அள்ளிட்டு வந்து, ராத்திரி பகலாத் தேய்ச்சு, பளபளன்னு அடுக்கி வச்சேன். ஒரு பெரிய மனுஷன் வந்தாரு. பாத்துட்டுக் கண்ணு கலங்கிட்டாரு. நான் என் உழைப்பைப் பாத்துத்தான் கலங்குறாருன்னு நினைச்சேன். "ஏன்யா இதுங்களைக் குளிப்பாட்டின?"ன்னாரு. "ஐம்பது வருஷ அழுக்கு, ஒரே நாள்ல போக்கிட்டியே பாவி!" அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நாம விக்கறது பெட்டி இல்ல, அழுக்கு.

சிரிக்காதீங்க, நிஜம். ஒரு பல்லு டாக்டர் இருக்காரு நம்ம கிராக்கி. நூத்திப் பன்னெண்டு பெட்டி வச்சிருக்காரு. கண்ணாடி அலமாரி, உள்ள சின்னச் சின்ன லைட்டு. ஒரு நாள் மத்தியானம் ஒரு பெட்டி குடுக்கப் போனேன். அவரு சம்சாரம் அவருக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்குது, எதுல? பிளாஸ்டிக் டப்பாவுல! நூத்திப் பன்னெண்டு பெட்டியும் கண்ணாடிக்குள்ள இருந்து வேடிக்கை பாக்குது. "இதுல ஒண்ணுல எடுத்துட்டுப் போகலாமே டாக்டர்"னேன். "சேச்சே, கறை படிஞ்சிடும்"ங்கிறாரு. ஏற்கெனவே இருக்கற கறைக்குத்தான் சார் அவரு காசு குடுத்ததே!

இன்னொரு அம்மா ஓட்டல் திறந்துச்சு. என்கிட்ட அறுபது கேரியர் அடுக்கு வாங்கிட்டுப் போயி, அடியில ஓட்டை போட்டு, தலைகீழாத் தொங்கவிட்டு, உள்ள பல்பு மாட்டிடுச்சு. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டாங்க. தலைக்கு மேல அறுபது கேரியர் தொங்குது, தட்டுல ரெண்டு இலையும் ஒரு பொட்டுச் சாறும் இருக்கு. மேல இருந்து ஏதாவது விழும்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கழுத்து வலிதான் வந்துச்சு. அப்புறம் தையல் பெட்டி பண்ணிக் குடுன்னு ஒருத்தர், செடி வைக்கணும்னு ஒருத்தர், மூடியில கடிகாரம் வச்சுக் குடுன்னு ஒருத்தர். எல்லாம் பண்ணிக் குடுத்துட்டேன். அந்தக் கடிகாரம் வாங்கினவரு மறுவாரம் வந்து சொல்றாரு, எப்ப மணி பாத்தாலும் பசிக்குதாம். அதுக்கு நான் என்ன சார் பண்றது? எதுவா மாத்தினாலும் டப்பாவுக்குத் தன் புத்தி போகுமா?

எல்லாத்தையும் விடக் கிராக்கி எதுக்குத் தெரியுமா? பேர் வெட்டின பெட்டிக்கு. மூடியில ஆணியால குத்திக் குத்தி எழுதியிருப்பாங்க இல்ல, அதுக்கு. அதுலயும் வெறும் நம்பர் இருந்தா யாரும் தொட மாட்டான். நம்பர்னா ஜெயில்ல கூடத்தான் குடுக்கறான். கதை வேணும்! இது இன்னார் பெட்டி, அவரு இப்படிப்பட்டவரு, ஒரு நாள் என்ன ஆச்சுன்னா... அப்படின்னு ஆரம்பிச்சாத்தான் பர்ஸ் வாயைத் திறக்கும். அதனால இந்தத் தொழில்ல சில பேரு இருக்காங்க. பேர் இல்லாத பெட்டிக்கு அவங்களே பேர் வச்சு, கதையும் கட்டி விட்டுடுவாங்க. சில பேரு, நான் எல்லாரையும் சொல்லல...

சார், அந்தப் பெட்டியை ஏன் மடியில வச்சுக்கிட்டீங்க? மேஜை மேலயே இருக்கட்டுமே. யாரு தூக்கிட்டுப் போகப் போறா?

சரி, கேரியர் வேண்டாம்னா வாங்கின விலையைத் திருப்பித் தந்துடறேன். அதுவும் வேண்டாமா? பத்து மேல போட்டு? ...என்ன சார், அப்படிப் பாக்கறீங்க? மட்டமான சாமான்னு இவ்வளவு நேரம் திட்டிட்டு, இப்ப மேல போட்டுக் கேக்கறானேன்னு தோணுதா? தோணும். எனக்கே தோணுது. வாங்கற சாமானைத் திட்டணும்ங்கிறது தொழில் புத்தி சார், நாக்குலயே ஊறிப் போச்சு. பொண்ணு பாக்கப் போன வீட்டுல கூட நான் அப்படித்தான் ஏதோ உளறி, இன்னி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டறா.

யாரு... உங்க அப்பாவா? அவரு கேப்பாரா? ஆமா, சொன்னீங்க, கப்பல்ல வேலை பாத்தவருன்னு. வாங்கும்போதே சொன்னீங்க. அப்பவே நான் வாயை மூடியிருக்கணும். தலைமாட்டுல வச்சிருக்காரா? மாத்திரை போட்டு வைக்கிறாரா, இதுலயா? ஓ... மூடி திறக்கற சத்தம் பழைய கப்பல் சாப்பாட்டு மணி மாதிரி இருக்குங்கிறாரா? நல்லது, நல்லது. பெரியவருக்குச் சந்தோஷம்னா...

என்ன சொன்னீங்க? மோந்து பாத்தாரா? மோந்து பாத்துட்டு... "கடல் வாசனை இருக்குடா"ன்னாரா...

இருக்கும் சார். இருக்கும்.

ஒரு நிமிஷம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

எப்படிச் சொல்றது... நான் உங்ககிட்ட என்ன கதை சொன்னேன் அன்னைக்கு? சரக்குக் கப்பல் சமையக்காரர் பெட்டி. புயல்ல கப்பல் ஆடினப்போ, கேப்டனுக்கு இதுலதான் சாப்பாடு போட்டு, தவழ்ந்துக்கிட்டே கொண்டு போனாரு. அலை அடிச்சு, கடல் தண்ணி பட்டுத்தான் அடியில பச்சை. மூடியில இந்த நங்கூரத்தையும் ரெண்டு எழுத்தையும் அவரே குத்தினாரு. இப்படித்தானே? தவழ்ந்துக்கிட்டேன்னு சொன்னேனா இல்லையா? சொல்லியிருப்பேன். அது நல்லா விழுற இடம்.

இந்தப் பெட்டி கடலைப் பாத்ததே இல்ல சார். அதோ, அந்த மூலையில பச்சை வாளி தெரியுதா? அதுதான் கடல். அதுல ரெண்டு கிலோ கல்லுப்பு கரைச்சு, எட்டு நாள் போட்டு வச்சேன். தினமும் ஒரு தடவை எடுத்துக் காயவச்சு மறுபடி போடணும், அப்பத்தான் பச்சை அழகாப் புடிக்கும். நங்கூரம் நான் குத்தினது. எழுத்து ரெண்டும் நான் குத்தினது. சில பேருன்னு சொன்னேனே... அந்தச் சில பேரு நான்தான். ஒரே ஆளு.

எந்திரிக்காதீங்க சார், ப்ளீஸ். முழுசாக் கேட்டுடுங்க. திட்டறதுன்னா அப்புறம் மொத்தமாத் திட்டுங்க.

இது என் மாமனாரோட பெட்டி.

ஆமா. அந்த டப்பா இதுதான். பதினோரு நாளா வாசல்ல நிக்க வச்ச டப்பா. அவரு பஞ்சு மில்லுல இருந்தாரு. அங்க காலையில எல்லாரோட டப்பாவையும் பாய்லர் பக்கத்துல ஒரு பெரிய இரும்புத் தட்டுல அடுக்கிடுவாங்க, மத்தியானம் சூடா இருக்கும்னு. நானூறு ஐநூறு டப்பா, எல்லாம் ஒரே ஜாடை. அதனால ஆளுக்கு ஒரு நம்பர் குத்திக்கணும். இவருக்கு நானூத்திப் பதினேழு. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குச் சமையக்கட்டுத் தரையில உக்காந்து அவரே ஆணி வச்சுக் குத்தினாராம். கல்யாணமாகி வரும்போது வேற எதையும் கேக்காம இவ இதைக் கேட்டு வாங்கிட்டு வந்தா. பரண்ல துணி சுத்தி வச்சிருந்தா.

தெரியாம வித்துட்டேன்னு சொன்னேன் அவகிட்ட. என் சரக்கும் பரண்ல, அவ பொருளும் பரண்ல, கலந்துடுச்சுன்னேன். அதுக்கே கிளம்பிப் போயிட்டா. எம்பொண்ணு போன் பண்ணி என்னைத் திட்டறா. "அப்பா, பெட்டியோட போய் நில்லுங்க, வாயை மட்டும் திறக்காதீங்க"ன்னு புத்தி சொல்றா. நான் வளர்த்த பொண்ணு! ஆனா... கலக்கல சார். எப்படிக் கலக்கும்? துணி சுத்தியிருக்கே. துணியை நான்தான் அவுத்தேன். அந்த வாரம் நல்ல பித்தளை ஒண்ணும் சிக்கல, ஒரு கிராக்கி கப்பல் சாமான் ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டுப் போயிருந்தாரு. நீங்க இல்ல, வேற ஒருத்தரு, அவரு திரும்பி வரவே இல்ல. மேல ஏறினேன், அவுத்தேன், பாத்தேன். வெயிட்டான பெட்டி. அருமையான பெட்டி சார்! இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் சுத்தப் பொய். இதை மாதிரிப் பித்தளை என் கடையில இன்னொண்ணு கிடையாது. அப்ப மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? மாமனார் ஞாபகம் வரல, அவ ஞாபகம் வரல. 'நம்பர்தான் இருக்கு, பேர் இல்லையே, வெறும் மில்லு... யாரு வாங்குவா?' அதுதான் ஓடுச்சு. அரத்தை எடுத்தேன், நம்பரை ராவினேன். எமரி பேப்பர் போட்டேன். தடவிப் பாத்தாக் கூடத் தெரியாது, அவ்வளவு சுத்தமா. எனக்கு வேலை தெரியும் சார். மனுஷன் எப்படியோ, வேலை சுத்தம்.

முன்னாடி இப்படி ஒரு கேள்வியை நான் என்னைக் கேட்டுக்கிட்டதில்ல. இந்தப் பதினோரு நாளாக் கேட்டுக்கறேன். யாரோ முகம் தெரியாத சமையக்காரனுக்கு ஒரு வாழ்க்கையே கட்டத் தெரிஞ்சவன், இருந்த ஒரு மனுஷனோட நம்பரை அரத்தால ராவிட்டேனே, இது என்ன ஜென்மம்?  கேட்டுட்டு, உடனே கடையைத் திறந்துடுவேன்.

நம்பரை ராவினது அவளுக்குத் தெரியாது. வித்தது மட்டும்தான் தெரியும். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். நீங்க பெட்டியைக் குடுத்தீங்கன்னா, இந்த நங்கூரத்தையும் எழுத்தையும் லேசா ராவிட்டு, அதே இடத்துல நானூத்திப் பதினேழு. பத்து நிமிஷ வேலை! சாயங்காலம் துணி சுத்தி எடுத்துக்கிட்டுப் போய் நிப்பேன், வாயைத் திறக்க மாட்டேன், சகலை முகம் தொங்கிப் போகும். உங்க அப்பாவுக்கு நான் வேற பெட்டி பண்ணித் தரேன். நல்லா பண்ணித் தரேன், பதினஞ்சு நாள் உப்புல போட்டு... சரி, அது வேண்டாம், தப்பு, தப்பு.

நம்ப மாட்டேங்கிறீங்க இல்ல? புரியுது. ஒரே பெட்டிக்கு மூணு கதை சொன்னவன், நாலாவது மட்டும் எப்படி நிஜமாகும்? இருங்க, ஆணியும் சுத்தியும் காட்டறேன். நங்கூரம் குத்தின அதே ஆணி. அதோட முனையை இந்தப் புள்ளியில வச்சுப் பாருங்க, அச்சா உக்காரும். அப்ப நம்புவீங்க. கீழ டிராயர்ல இருக்கு... இந்தக் குனியறதுதான் சார் கஷ்டம்... சாமான் மேல சாமான்... இது அரம்... இது எமரி... இன்னும் திட்ட ஆரம்பிக்கலையே சார்? என் சம்சாரமாவது நாலு வார்த்தை திட்டுவா. ஆ, கிடைச்சுது! இந்தாங்க, நீங்களே வச்சு...

அம்மா! மண்டை...

...சார்?

போயிட்டாரா? எப்பப் போனாரு? செருப்புச் சத்தம் கூடக் கேக்கல.

அட... பெட்டி. பெட்டியை வச்சுட்டுப் போயிருக்காரே! ஸ்டூல் மேல. காசு கூடக் கேக்காம. மாத்திரையெல்லாம் வெளிய எடுத்துட்டுத்தான் கொண்டு வந்திருக்காரு, உள்ள காலி. நல்ல மனுஷன். கோபத்துல வச்சாரோ, பாவம்னு வச்சாரோ... என்னவோ, வச்சாரு. வந்துடுச்சு! டேய் சகலை, நகருடா வாசலை விட்டு!

சரி. பத்து நிமிஷம். முதல்ல நங்கூரம். மெதுவா... ஐயையோ, இந்த இடம் ஏற்கெனவே ராவி ராவிக் காகிதம் மாதிரி இருக்கே. அமுக்கினா உள்ள போகுது. இன்னொரு தடவை அரம் வச்சா ஓட்டை விழுந்துடுமே. சரி, பக்கத்துல குத்தலாம். பக்கத்துல குத்தி, நங்கூரம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா... கேட்டா பாத்துக்கலாம். நாலு. முதல்ல நாலு. நாலோட மேல்வாய் திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா? ஏழுக்கு நடுவுல ஒரு கோடு உண்டா? ஏதோ ஒண்ணு கோணலா இருக்கும்னு அவ சொல்லுவா. எது? ஏழா, ஒண்ணா? கையில வச்சிருந்தேனே... அரை மணி நேரம் உத்துப் பாத்தேனே... ராவறதுக்காகப் பாத்தேன், அது எப்படி இருக்குன்னு எங்க பாத்தேன்?

அவ கண்ணால பாக்க மாட்டா. அவங்க அம்மா இல்லாத வீடு, பத்து வயசுல இருந்து தினம் சாயங்காலம் இதை அவதான் தேய்ச்சிருக்கா. வாங்கினதும் விரலைத்தான் வைப்பா. விரலை வச்சதும்...

வித்தவனைக் கூட மன்னிச்சுடுவா. ராவினவனை?

சார்! சார்... தெருமுனைக்குப் போயிட்டாரு. சார், நில்லுங்க! பெட்டியை விட்டுட்டுப் போறீங்களே! ஊசி போட்டுத் தரேன் சார், சும்மா போட்டுத் தரேன்! உங்க அப்பா கேப்பாரே, மாத்திரை எதுல போடுவாரு? திரும்பிப் பாருங்க சார்! எடுத்துக்கிட்டுப் போயிடுங்க... கடல் வாசனை இன்னும் அப்படியே இருக்கு சார்!